மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

மட்டக்களப்பில் வாகரைக்கு அப்பால் ஒரு கடலோரக் கிராமத்தில் வாகனத்தை விட்டு இறங்கியதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "இந்தக் கிணற்றுக் கயிறு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள்." புயலும் வெள்ளமும் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கூரை பறந்த வீடுகளுக்கு நடுவே நின்று ஒருவர் கயிற்றின் நீளத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதைக் கயிறுதான் சொல்லும் என்று பிறகு விளக்கினார். ஒரு வெளிநாட்டு அரசின் உதவி நிறுவனம் அவரை மதிப்பீட்டு அதிகாரியாக அனுப்பியிருந்தது. நான் கல்லடியில் ஆங்கில ஆசிரியை. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்குவதற்காகப் பாடசாலையைக் கொடுத்துவிட்டதால் வேலையில்லாமல் இருந்தேன். மொழிபெயர்க்க ஆள் தேவை என்றார்கள், போய்ச் சேர்ந்தேன்.

அதுவரை நிவாரணம் என்றால் எனக்கு லொறிகள்தான். அரிசி மூட்டை வரும், கூரைக்கு விரிக்கத் தறப்பாள் வரும், வரிசையில் நிற்போம். அது எங்கிருந்து, யார் தீர்மானித்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அவரோடு போன நீண்ட பயணங்களில் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் சலிக்காமல் சொன்னார். எங்கே அழிவு வரும் என்று தெரியாமலே அவர்களுடைய பாராளுமன்றம் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும். ஓரிடத்தில் அழிவு வந்ததும் தூதரகம் கேட்டால் அதில் சிறு பங்கு உடனே கிடைக்கும். பெரிய பங்கு வேண்டுமென்றால், எந்த ஊருக்கு என்ன தேவை என்று இவரைப் போன்ற ஒருவர் நேரில் பார்த்து எழுத வேண்டும். நிறுவனம் தன் கையால் கிணறு துப்புரவாக்காது, கூரை போடாது. இங்கே வேலை செய்யும் தொண்டு அமைப்புகள் திட்டம் எழுதிக் கொடுக்கும், அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து நிதி கொடுப்பார்கள்.

"அப்படியானால் உங்கள் தலைநகரத்தில் இருக்கிறவர்கள் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

மடியில் கிடந்த படிவத்தைத் தட்டிக் காட்டினார். "இதைத்தான். ஊரை அவர்கள் ஒருநாளும் பார்க்க மாட்டார்கள்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதன் பாரம் மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் ஐந்தாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. பாதை தாழ்ந்து கிடக்கும் தாம்போதியில் தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சாரதி அவசரப்படுத்தினார். வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் வீடுகளைப் பார்க்கப் போனார். படிவத்தில் தண்ணீர் பற்றிய பகுதியை நிரப்பும் பொறுப்பு எனக்கு. மாதர் சங்கத் தலைவி கொட்டும் மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கணவரோடு கடலுக்குப் போய்வரும் பெண், கணீரென்ற குரல். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"தண்ணி கிடக்குப் புள்ள, கிணறு முட்டக் கிடக்கு. ஆனா அது கடல் வந்து விழுந்த தண்ணி. ஆடுகூட மோந்து பாத்திட்டுப் போகுது. நாங்க தோணியில வாவியால அக்கரைக்குப் போய்த்தான் குடிக்கத் தண்ணி கொண்டு வாறம்."

முழுவதையும் கேட்டேன். கை விறைத்திருந்தது, தாள் நனைந்துகொண்டிருந்தது. 'தண்ணீர் உண்டு' என்று எழுதிவிட்டு வாகனத்துக்கு ஓடினேன். மிச்சத்தைப் போகும் வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் கழித்து மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம். யார் எந்த ஊருக்கு எதைச் செய்வது என்று எல்லா அமைப்புகளும் கூடிப் பேசும் கூட்டம் அது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் பட்டியல் விழுந்தது. குடிதண்ணீர் பெறும் ஊர்களில் அந்த ஊரின் பெயர் இல்லை. ஒருகணம் ஏன் என்று விளங்கவில்லை. பிறகு மழையில் நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. படிவத்தில் நான் எழுதியது 'தண்ணீர் உண்டு' மட்டும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இடைவேளையில் அதிகாரியை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தார். "அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கள். ஒரு சொல்லையும் விடாதீர்கள்." ஆடு மோந்து பார்த்ததுவரை சொன்னேன், எழுதிக்கொண்டார். பிறகுதான் நிலைமையைச் சொன்னார். முதல் கட்ட நிதி காலையிலேயே ஒப்புதலாகிவிட்டது. இன்னோர் ஊரிலிருந்து பிடுங்கி இங்கே கொடுக்க முடியாது. திருத்தம் கேட்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும்.

மறுநாள் உப்பை அளக்கும் சிறு கருவியோடு போனோம். ஒவ்வொரு கிணறாக அளந்தார். எழுதியதில் பிழை விட்டது நான்தான் என்று தலைவியிடம் நானே சொன்னேன்.

"நான் அவ்வளவு சொன்னன், நீ அரைவாசிதான் எழுதினியா?" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முந்தநாள் தோணி கவிண்டு ரெண்டு பேர் சேத்துக்க கிடந்து எழும்பி வந்தாங்க. கேன் எல்லாம் போச்சு. தெரியுமா உனக்கு?"

தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த கிணற்றைக் காட்ட நடந்தார்.

திருத்தம் ஒப்புதலாகி, தண்ணீர் ஏற்றிய முதல் பவுசர் லொறி போய்ச் சேர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அவர்கள் தோணியில்தான் போனார்கள். அதிகாரி ஒவ்வொரு காலையும் தலைநகரத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிதி தர மாட்டோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எந்தச் செலவுத் தலைப்பில், யாருடைய கையெழுத்தில் என்றே பேச்சு போனது. எட்டு நாள் எப்படிக் கரைகிறது என்று அப்போது கண்டேன்.

அடுத்து கிணறுகளைத் துப்புரவாக்கும் திட்டம். நிதி பெற்ற அமைப்பின் பொறியியலாளர் ஊருக்கு வந்து, பெரிய பம்பு வைத்து எல்லாக் கிணற்றையும் அடிவரை இறைத்துவிடலாம் என்றார். தலைவி குறுக்கே கையைக் காட்டினார்.

"அப்பிடி ஒரேயடியா இறைக்கப்படாது. அடியில கிடக்கிற உப்புத்தான் மேல வரும். சுனாமிக்குப் பிறகு அப்பிடித்தான் இறைச்சாங்க, ரெண்டு கிணறு இன்னும் தேறல்ல. மெல்ல மெல்ல எடுக்கோணும். மழைத்தண்ணி தானா உப்பக் கீழ தள்ளும்."

இந்த முறை நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இடையில் மறித்த பொறியியலாளரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, கடைசிச் சொல் வரைக்கும் சொன்னேன். அதிகாரி அந்த இரண்டு கிணறுகளையும் காட்டச் சொல்லி, எட்டிப் பார்த்து, அளந்தார். அன்றே திட்டம் மாறியது. சிறிய பம்பு, கொஞ்சங் கொஞ்சமாக இறைப்பு, கிணறு தேறும் வரை பவுசர். பவுசருக்கான காலத்தை நீட்டிக்க அவர் இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதையும் எழுதினார்.

அவர் பிறகு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். அந்த நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகமும் இப்போது இல்லை. தூர தேசத்து வரவு செலவுத் திட்டத்தில் ஏதோ வெட்டு என்றார்கள். நான் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன். மாரி காலத்தில் யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் போகிறேன்.

போன மாதம் அந்த ஊர்ப்பக்கம் ஒரு திருமணம். தலைவியின் வீட்டுக்கும் போனேன். கிணற்றில் புதிதாகத் தண்ணீர் அள்ளி ஒரு செம்பில் தந்துவிட்டு, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்கு?"

நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அடிநாக்குல இன்னும் கொஞ்சம் உப்புத் தெரியுது அக்கா" என்றேன்.

"ஓம், தெரியும்தான்" என்று சிரித்தார். "நல்லாயிருக்கு எண்டு சொல்லியிருந்தா உன்ன ஒருநாளும் நம்பியிருக்க மாட்டன். இரு, சோறு போடுறன்."