விவாத நேரத்துத் தண்ணீர்

என் மாப்பிள்ளை டிவியில் அரசியல் பேசுகிறவர். செக்காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசுவார். அது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். முதுகுக்குப் பின்னால் தெரியட்டுமென்று என் ஊறுகாய் அலமாரியைக் காலி செய்து புத்தகம் அடுக்கியிருக்கிறார். அவர் பேசும் நேரத்தில் வீட்டில் மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது. தும்மல் வந்தால் நான் கொல்லைக்கு ஓட வேண்டும்.

மகள் வீட்டில் இருக்கிறவள் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச முடியுமா? மகளைத்தான் திட்டுவேன்.

அன்றைக்கு விளக்கு வைத்த நேரம், குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். தெருவில் எல்லோரும் மோட்டார் போட்டு இழுப்பார்கள். போடாதவர் வீட்டுக்குக் காற்றுதான். எங்கள் மோட்டாரோ அவர் அறை ஜன்னலுக்கு அடியில். மாடித்தொட்டி காலி. விடிந்தால் கல்லலிலிருந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள்.

“அடியே, மோட்டாரைப் போடு.”

“சும்மா இரு ஆத்தா, அவுக லைவ்ல இருக்காக.”

“என்னத்தப் பேசுறாக?”

“எங்குட்டோ ரெண்டு நாட்டுக்குச் சண்டையாம். எப்ப நிக்கும்னு பேசுறாக.”

“இவுக சொன்னாத்தான் நிப்பாட்டுவாகளாக்கும்! நாளைக்குச் சம்பந்தி கை கழுவ அந்த நாட்டுலருந்தா தண்ணி வரும்?”

மகள் வாயைப் பொத்திச் சிரித்தாளே தவிர, சுவிட்ச் பக்கம் போகவில்லை. அக்கம்பக்கத்து மோட்டார்கள் உறுமின. கூடத்து டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழாயடிச் சண்டையில்கூட ஒருத்தி மூச்சு வாங்கும்போதுதான் அடுத்தவள் ஆரம்பிப்பாள். பொறுக்க முடியாமல் நானே போய் சுவிட்சைத் தட்டினேன்.

மோட்டார் அலறியது. டிவியில் மாப்பிள்ளை முகம் வெளுத்தது. மைக்கை அணைத்துக்கொண்டார். அப்புறம் தலையை ஆட்டினார், கையை விரித்தார், சிரித்தார். நிகழ்ச்சி முடியும்வரை ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. தொட்டி பாதி நிறைந்ததும் தண்ணீரும் நின்றுபோனது.

வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் மகளிடம் சீறினார். “அத்தைக்கு நீயாச்சும் சொல்லக் கூடாதா? என் பேச்சே போச்சு!”

அந்நேரம் போன் அடித்தது. சாக்கோட்டைக்காரர் ஒருவர். எதிர்முனைக் குரல் கூடம்வரை கேட்டது: “அண்ணே, இன்னைக்குப் பிரமாதம்! மத்தவுக கத்துனாக, நீங்கதான் நிதானமாப் பேசுனீக!”

மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப நாளன்னைக்கும் மோட்டாரைப் போட்டுறட்டுமா, மாப்பிள்ளை?” என்றேன்.

அவரோ முகம் கழுவப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, இன்னொருவர் போனில் கூப்பிட அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார். இருப்பது அரைத் தொட்டிதான் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? ஓடிப்போய்க் குழாயை நானே மூடினேன்.