வெள்ளையாகக் கிடந்த ஏழாம் வார்டு

குண்டூசி அக்கா என்று சொன்னால்தான் அந்தச் சுகாதார அலுவலகத்தில் எவருக்கும் புரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மாதம் பிறந்தால் ஊரின் பன்னிரண்டு வார்டுகளிலிருந்தும் நோயாளிகளின் கணக்குப் படிவமாக வரும். சுவரளவு வரைபடத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு சிவப்புக் குண்டூசி குத்த வேண்டும். அதுதான் அவள் வேலை. இந்தக் கதை நடந்தபோதே இருபது வருடம் குத்தி வலது கட்டைவிரல் நுனி சப்பையாகியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஊரையே குத்திக்கிட்டிருக்கேன், வீட்டுல வேற தனியா ஒரு ஆளைக் குத்தணுமா?" என்பாள்.

வரைபடத்தில் மற்ற வார்டுகள் அம்மை போட்ட முகம் போல இருக்கும். ஏழாம் வார்டு மட்டும் கழுவித் துடைத்த தட்டு. அதன் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. கை தவறி விழுகிற ஊசியெல்லாம் உருண்டு போய் ஏழாம் வார்டுக்கு நேர் கீழே நின்றுவிடும் என்று அக்கா சத்தியம் செய்வாள். நான் பாதிதான் நம்பினேன். நீங்கள் கால்வாசி நம்பினால் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்கிளார்க் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, ஏழாம் வார்டுக்கு ஆரோக்கிய வார்டுன்னு கேடயம்! திங்கக்கிழமை கூட்டத்துல கொடுக்கிறாங்க. அதே கையோட அங்க இருக்கிற ஆஸ்பத்திரியையும் மூடுறாங்க. நோயே இல்லாத எடத்துல அது எதுக்கு?"

"கேடயத்தை யாரு வாங்கிக்குவா? அங்க டாக்டரே கிடையாதே."

"மூணாம் வார்டு டாக்டருக்குக் கூடுதல் பொறுப்பு. மனுஷன் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததுகூட இல்ல."

"அப்ப மாசாமாசம் படிவம் எழுதறது?"

"நர்ஸம்மாதான். கையெழுத்து இருக்கே."

ஓய்வூதியப் பிரிவு அம்மாள் அடுத்த மேசையிலிருந்து தலையை நீட்டினாள். "எந்த நர்ஸம்மா? பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்குமே, அவங்களா? அவங்க காமாலையில போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாச்சு. ஃபைலை முடிச்சதே நான்தான்."

ஹெட்கிளார்க்கின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்து போயிற்று.

அக்கா பழைய படிவங்களை இறக்கினாள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே எழுத்தாகத் தெரிந்தது. மூன்றாவதையும் வைத்தாள், பத்தாவதையும் வைத்தாள். ஒரு சுழி விலகவில்லை. உயிருள்ள கை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. செத்த கை எழுதுமா என்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழாம் வார்டுக்குக் கிளம்பினாள். சந்துக்குள் நுழைந்ததும் சத்தம் அறுந்து விழுந்தது. வாசலிலும் ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். தலைகள் மட்டும் அவளோடு சேர்ந்து திரும்பின. பத்தடி தாண்டியபின்தான் கவனித்தாள். எல்லார் கண்ணிலும் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி வந்தது.

ஆஸ்பத்திரி பளிச்சென்று இருந்தது. கிழட்டு வாட்ச்மேன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நீ வருவேன்னு அம்மா நேத்தே சொன்னாங்க."

"எந்த அம்மா?"

அவர் மோவாயால் நாற்காலியைக் காட்டினார். அதில் யாரும் இல்லை.

அக்கா படிவத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து கார்பன் தாளையும், எழுதி எழுதிக் கிழிந்து ஒட்டுப் போட்ட ஒரு பழைய படிவத்தையும் எடுத்து வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. மாசம் ஒரு தாள் போகலைன்னா ஆஸ்பத்திரியை மூடிடுவாங்கன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. இது அவங்க கடைசியா எழுதினது. அப்ப அவங்க படுத்த படுக்கை, யாரையும் பார்க்கல. நான் அதுமேலயே ஓட்டி ஓட்டி அனுப்பறேன்."

"பெரியவரே, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"என்ன?"

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு. அதை நம்பித்தான் திங்கக்கிழமை ஆஸ்பத்திரியை மூடப் போறாங்க."

பெரியவர் ஒட்டுப் போட்ட தாளை எடுத்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "அப்ப மூட வெச்சதே நான்தானா?"

அன்று சாயங்காலம்வரை இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அக்கா கூட்டிப் பார்த்தாள். "நாப்பத்திரண்டு."

"நாப்பத்து மூணு," என்றார் வாட்ச்மேன்.

"படிக்கத் தெரியாதுன்னீங்க, எண்ண மட்டும் தெரியுமா?"

"நான் எங்க எண்ணினேன்?" அவர் காது நாற்காலிப் பக்கம் சாய்ந்திருந்தது. "தொட்டிக்குப் பின்னாடியாம்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. சாமான் அறை என்று நினைத்து இருவரும் காலையில் தாண்டிப் போயிருந்தார்கள். தள்ளித் திறந்ததும் இருட்டில் முதலில் தெரிந்தவை இரண்டு மஞ்சள் கண்கள். பொத்தான் தைத்துப் பிழைக்கிற ஒருத்தி, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

"ஆள் வருது, பொறுத்துக்கோன்னு அந்தம்மா சொல்லிட்டே இருந்தாங்க," என்று முனகினாள். "எங்க, உங்ககூட வரலியா? பல்லு எடுப்பா இருக்குமே?"

அக்கா அவள் வாயில் தண்ணீர் விட்டாள், காய்ச்சி ஆற்றிய தண்ணீர். வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். பிறகு புதுப் படிவத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினாள். கீழே 'பொறுப்பு அலுவலர்' என்ற கோடு. ஊசி குத்துகிற குமாஸ்தா அதில் கையெழுத்துப் போட்டால் வேலைக்கே உலை. போட்டாள்.

திங்கட்கிழமை நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள், பதினோரு டாக்டர்கள். வருகை எடுத்தவர் தலை நிமிராமல், ஒரு காலத்தில் நர்ஸம்மா வந்து உட்கார்ந்த ஏழாவது நாற்காலிக்கும் சேர்த்தே 'உள்ளார்' என்று குறித்தார். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எதிரே தனியாக உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர், ஆஸ்பத்திரியை மூடுகிற உத்தரவில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தபோது, அக்கா படிவத்தை அதன்மேல் வைத்தாள்.

"நாப்பத்து மூணு பேருக்குக் காமாலை, சார். குழாய் சாக்கடைக்குள்ள ஓடுது. மூடாதீங்க."

மூன்றாம் வார்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"நீங்க யாரு?"

"வரைபடத்துல ஊசி குத்துறவ. உடம்புல ஊசி போடறவங்க யாரும் அந்தப் பக்கம் வரக் காணோம். அதான் நான் போனேன்."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

"இந்தக் கணக்கை நான் எடுத்துக்கணும்னா, அந்த வார்டுக்கு ஒருத்தர் பதில் சொல்லணும். குழாயை மாத்தற வரைக்கும் தினம் போய் நிக்கணும், என்கிட்ட வந்து சண்டை போடணும். யாரு?"

பதினோரு தலைகள் கோப்புக்குள் இறங்கின. மூன்றாம் வார்டு டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடி துடைத்தார்.

அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏழாவது நாற்காலியை இழுத்தாள்.

"நான்."

"சரி, தகுந்த ஆள் கிடைக்கிற வரைக்கும்," என்று பெரிய டாக்டர் பேனாவை மூடினார். ஆஸ்பத்திரி பிழைத்தது. நான்கு மாதம் சண்டை போட்டுக் குழாயையும் மாற்ற வைத்தாள். தகுந்த ஆளைப் பத்தொன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினோரு வருடம் யாரும் உட்காராத மரப்பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் ஒதுங்கி, பாதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.