மரகதத்தின் பணத்தில் பிறந்த டூயட்

டார்லாவும் ராய்ஸும் மரகதத்துக்குத் தரவேண்டிய கடன் நாலாயிரம் டாலர். வாங்கிக் கொடுத்தவன் நான். "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓங்கித் தட்டிச் சொன்னவனும் நான்தான். டெக்சஸில் தொண்ணூற்றைந்துக்குப் பிறகு எந்த பீர்க்கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழுந்த அந்த டூயட்டின் கதை இந்தக் கடனில்தான் தொடங்குகிறது. பாடிய இரண்டு பேரின் படமும் சிடி அட்டையில் இருக்கிறது. மரகதத்தின் பெயர் எங்கேயும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் போகமுடியும். பெயர் சேனாபதி, சொந்த ஊர் கோபி பக்கம். ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் என் ஸ்பீக்கர்தான் கத்தும். பிறகு கப்பலில் எலக்ட்ரிக் வேலைக்குச் சேர்ந்து, ஹூஸ்டனில் இறங்கி, பேப்பர்களை முறையாக வாங்கி, தொண்ணூறில் ஜூக்பாக்ஸ் தொழிலை எடுத்தேன். காசு போட்டால் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டி. அதைக் கடைகளில் வைப்பேன். விழுகிற காசில் பாதி கடைக்காரருக்கு, பாதி எனக்கு. ஐந்தே வருடத்தில் முப்பது கடையில் என் பெட்டி. நம்மவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த காலத்தில், கவ்பாய் தொப்பிக்காரர்களுக்குப் பாட்டுப் போட்டுச் சம்பாதித்த தமிழன் வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். காபி என் செலவு.

என் பெட்டிகளில் ஒன்று ஹூஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரீவேயை ஒட்டிய சீலி ஊரில், ஹேட்டி என்கிற வெள்ளைக்காரக் கிழவியின் சாப்பாட்டுக்கடையில் இருந்தது. அங்கே சமையல் மரகதம். காங்கேயத்துக்காரி. வெல்டர் வேலைக்கு வந்த கணவர் குமாரசாமிக்கு முதுகு பிடித்துக்கொண்டு வேலை போனதும், பாத்திரம் கழுவப் போனவள், ஒரு வருடத்துக்குள் அடுப்பைக் கைப்பற்றிவிட்டாள். உருளைக்கிழங்கு வறுவலில் சீரகமும் மிளகும் போட ஆரம்பித்தாள். லாரிக்காரர்கள் அதற்காகவே ஃப்ரீவேயிலிருந்து இறங்கினார்கள். இங்கிலீஷ் அவளுக்கு முப்பது வார்த்தை தெரிந்திருக்கும். அந்த முப்பதை வைத்துக்கொண்டு மூன்று பேரோடு ஒரே நேரத்தில் சண்டை போடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பெட்டியைத் திறந்து காசு அள்ளிக்கொண்டிருந்தேன். கடையில் பரிமாறுகிற டார்லாவும், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ராய்ஸும் கிடாரை வைத்துக்கொண்டு தாங்களே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினார்கள். மரகதம் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்ணா பாடறாங்க? அர்த்தம் சொல்லுங்."

சொன்னேன். இங்கே பிக்கப் வண்டியில் முன்னால் ஒரே நீள சீட். காதலி நடுவில் ஒட்டி உட்கார்ந்தால் பிரியம், ஜன்னலோரம் போனால் கோபம். பாட்டில் அவன் 'கிட்ட வா' என்கிறான், அவளும் வந்துவிடுகிறாள். மிச்சமெல்லாம் நிலா, நட்சத்திரம்.

"அட, மொத வரியிலயே நகந்து உக்காந்துட்டாளா? அப்பறம் பாட்டுக்கு என்னங் வேலை?"

"காதல் பாட்டு அம்மிணி, அப்படித்தான் இருக்கும்."

"எங்கூட்டுக்காரரு மேல கோவம் வந்தா நான் பொள்ளாச்சில பஸ் ஏறி பழனி வரைக்கும் திரும்பிப் பாக்கமாட்டேன். அவரு முறுக்கு வாங்கித் தருவாரு, சோடா வாங்கித் தருவாரு. நான் ஜன்னல்ல மாடு போகுது, வேலி போகுதுன்னு சொல்லிட்டே வருவேன். கடைசி ஸ்டாப்புலதான் நகரோணும். சொல்லுங் அவங்ககிட்ட."

நான் எடுத்துச் சொன்னேன். டார்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "மேரி சொல்றதுதான் சரி ராய்ஸ், நீ கொஞ்சம் கெஞ்சு!" என்றாள். மரகதம் என்பது அவர்கள் வாயில் மேரி ஆகிவிட்டது. அந்த வாரமே பாட்டு மாறியது. அவன் ஒவ்வொரு வரியிலும் கெஞ்சுவான். அவள் பதிலுக்கு 'அதோ ஒரு மாடு', 'அதோ ஒரு தண்ணீர்த்தொட்டி' என்று ஜன்னலில் தெரிவதைச் சொல்வாள். கடைசி வரியில்தான் நகர்ந்து உட்காருவாள். 'ஜன்னல் பக்கம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆயிரம் பாட்டு ஓட்டியவன் நான். கேட்டதும் தெரிந்துவிட்டது, இது ஓடும் என்று. ஆனால் ஸ்டுடியோவில் பாடி, சிடி போட அவர்கள் இரண்டு பேரிடமும் சல்லிக்காசு கிடையாது. மரகதத்திடம் வழி இருந்தது. ஹூஸ்டனில் இருபது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் இருநூறு டாலர் ஏலச்சீட்டு நடத்தின. அதில் அவளும் ஒருத்தி. என்றைக்காவது ஹேட்டியின் கடையையே வாங்கவேண்டும் என்று அந்தச் சீட்டைக் கடைசி வரை எடுக்காமல் வைத்திருக்க நினைத்தவள், அந்த மாதமே அறுநூறு தள்ளி எடுத்தாள். கையில் வந்தது மூவாயிரத்து நானூறு. பாட்டு ஓடியதும் முழுசாக நாலாயிரம் திருப்பித் தரவேண்டும் என்று பேச்சு.

குமாரசாமி படுத்த இடத்திலிருந்தே கேட்டார். "நெலத்துக்குக் கடன் குடுப்பாங்க, மாட்டுக்குக் குடுப்பாங்க. பாட்டுக்கு எவனாச்சும் குடுப்பானா?"

"நீங்க சும்மா இருங். அது நான் சொன்ன பாட்டு."

அப்போதுதான் நான் மேசையைத் தட்டினேன்.

பாட்டை ஓட வைத்த கதையில் எனக்குப் பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூக்பாக்ஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடையில் பெட்டி சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக, நகப்பூச்சு தடவிய சிவப்புக் காசுகளைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்போம். அதைப் போட்டுப் பாட்டைத் தொடங்கி வைப்பார்கள். எண்ணும்போது சிவப்பு எங்களுக்கே திரும்பிவிடும். எல்லாரும் அதைச் சாயங்காலக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொடுத்தேன். பந்தியில் இலை முன்னால் இருக்கிறவன் காது திறந்திருக்கும் என்பது மைக் செட்காரனுக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டியாகச் சாப்பிட வருகிற நேரம். அவள் 'அதோ ஒரு மாடு' என்றதும் மேசைக்கு மேசை பெண்கள் சிரித்தார்கள்; ஆண்கள் தட்டைப் பார்த்தார்கள்.

முதல் வாரம் பெட்டியில் எல்லாம் சிவப்பு. மூன்றாவது வாரம் சீலியில் பெட்டியைத் திறந்தேன். சிவப்பைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஜனங்கள் சொந்தமாகப் போட்ட காசு.

"அம்மிணி, இங்கே வந்து பாரு!"

மரகதம் எட்டிப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னனுங்களே" என்று முட்டை உடைக்கப் போய்விட்டாள்.

மற்ற ஜூக்பாக்ஸ்காரர்கள் என்னிடம் சிடி கேட்டு வந்தார்கள். பிறகு ரேடியோ போட்டது. பிறகு நாஷ்வில் பாட்டுக் கம்பெனி ஒன்று வந்து இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய், வயலின் எல்லாம் சேர்த்து மறுபடி பாட வைத்தது. பாட்டு நாடு முழுக்க ஓடியது. வந்த வேகத்தில் இரண்டு பேருக்கும் சண்டையும் வந்தது. யார் பெயர் முதலில் என்பதில் ஆரம்பித்ததாம். தனித்தனி வக்கீல், ஊர் ஊராகப் பாடப் போகத் தனித்தனி பஸ். மேடையில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். மரகதத்தின் பணம் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் போன் போட்டால் ராய்ஸ், "அவளைக் கேள்" என்பான். அவளைக் கேட்டால், "அவன்தானே கையில வாங்கினான்" என்பாள். மரகதமோ மாதா மாதம் சீட்டுப் பணம் இருநூறைத் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் ஹேட்டி கடையை விற்கப்போவதாகச் சொன்னாள். பர்கர் கடைக்காரன் ஒருவன் கேட்டிருக்கிறான். ஆனாலும் மேரிக்கே முதல் உரிமை. சனிக்கிழமைக்குள் நாலாயிரம் முன்பணம் வைத்தால் கடை அவளுக்கு, இல்லையென்றால் அவனுக்கு. அவன் வந்தால் மரகதத்தின் அடுப்பும் போய்விடும். என் பணம் அந்த மாதம் முழுக்கப் புதுப் பெட்டிகளில் இறங்கியிருந்தது. தொழில் செய்கிறவனுக்கு அது நடப்பதுதான். ஆனால் என் வாக்கு என் வாக்குதானே.

"வெள்ளிக்கிழமை ரோசன்பர்க் சந்தைத் திடல்ல ரெண்டு பேரும் பாடறாங்க. வண்டியை எடுக்கறேன்" என்றேன்.

"எனக்குக் கோவப்படத் தெரியுமுங், இங்கிலீஷ்ல கோவப்படத் தெரியாதே" என்றாள்.

"அதை நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்ளவே தேவைப்படவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். திடலுக்குப் பின்னால் இரண்டு பஸ், எதிரும் புதிருமாக, கதவு சாத்தி. காவலாளி, "யாரையும் பார்க்க மாட்டாங்க" என்று கையை விரித்தான். மரகதம் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே போய் நின்றாள். தட்டு தயாரானதும் சமையலறையிலிருந்து சர்வரைக் கூப்பிடுகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"டார்லா! ஆர்டர் அப்!"

ஏழு வருடம் அந்தக் குரலுக்கு ஓடிய கால். டார்லா மேக்கப் பாதியோடு படியில் இறங்கி நின்றுவிட்டாள். எதிர் பஸ்ஸிலிருந்து ராய்ஸும் தலையை நீட்டினான்.

"மேரி! எனக்கு ஒண்ணுமில்லையா?"

"உனக்கும்தான். வா."

இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மரகதத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"சனிக்கிழமை ஹேட்டி கடையை விக்கறா. என் பணம்" என்று தன் இங்கிலீஷில் சொன்னாள்.

"ராய்ஸ்கிட்ட கேளு, ஹனி."

"மேடம், கம்பெனி முன்பணத்துல பாதிக்கு மேல அவ எடுத்துக்கிட்டா."

"பாத்தியா மேரி, பொய் சொல்றான்!"

மரகதம் ஒரு கையைத் தூக்கினாள். இரண்டும் வாயை மூடின.

"நீ பாதி பாடின. நீ பாதி பாடின. நீ பாதி குடு. நீ பாதி குடு."

"குடுக்கறேன்" என்றான் ராய்ஸ். "ஆனா நான் முதல்ல குடுத்தா அவ குடுக்காம நழுவிடுவா."

"நானா? நீதான் கேஸ் சிலிண்டர் விலையிலயே ஏமாத்தினவன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம் என் பக்கம் திரும்பி, "அண்ணா, இதை மட்டும் நீங்க நல்ல இங்கிலீஷ்ல சொல்லுங்: பாட்டுல எப்படியோ அப்படி. இவன் ஒண்ணு வெக்கட்டும், அவ ஒண்ணு வெக்கட்டும். ஒருத்தர் நின்னா இன்னொருத்தரும் நிக்கலாம்" என்றாள்.

சொன்னேன். நான் சொன்ன இங்கிலீஷில் ஒரு பிழை இருந்திருக்காது. இரண்டு பேரும் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டார்லா உள்ளே போய்க் கைப்பை எடுத்து வந்தாள். ராய்ஸ் தங்கள் படம் போட்ட பனியன் விற்கிற கூடாரத்துக்கு ஆளனுப்பி நோட்டுக்கட்டு வரவழைத்தான். மரகதம் வலது கையை நீட்டி விரித்தாள். வெங்காயம் நறுக்கிக் காய்த்த கை.

ராய்ஸ் ஒரு நூறு டாலர் வைத்தான். டார்லா அதன் மேல் ஒன்று வைத்தாள். அவன் ஒன்று. அவள் ஒன்று. காவலாளி கிட்டே வந்து நின்று பார்த்தான். மேடையில் யாரோ டிரம் தட்டிச் சரிபார்த்தார்கள். பாதியில் டார்லாவின் நோட்டு காற்றில் பறக்கப் பார்த்தது. ராய்ஸ் பிடித்து, அவள் கணக்கிலேயே வைத்தான். மரகதம் வாய்க்குள் தமிழில் எண்ணினாள்: முப்பத்தேழு, முப்பத்தெட்டு. ராய்ஸ் வைத்தான். டார்லா வைத்தாள்.

"நாப்பது" என்று சொல்லி மரகதம் கையை மூடினாள்.