பல்லுவலி மேஜருக்கு ஊற்றியவர்

எங்கள் சபையில் யாராவது, "உங்க வீட்டுக்காரருக்கு எங்கம்மா வேலை?" என்று கேட்டால், "மிலிட்டரியில" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பொய் இல்லை. அல்வாலுக்குப் பக்கத்தில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில்தான் அவருக்கு வேலை. அங்கே அவர் பார்மேன், மது ஊற்றிக் கொடுப்பவர் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது; சபையில் குடி என்றாலே பாவம். அவரும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று கணீரென்று பாடுவார்.

மெஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. அதிகாரி வந்து உட்கார்ந்து, இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டுவிட்டால் அது பார்மேனுக்கு அவமானம். வாசலில் தொப்பியைக் கழற்றும்போதே அவருடைய கிளாஸ் தயாராக இருக்க வேண்டும். இவர் பதினோரு வருடம் அப்படித்தான் வேலை பார்த்தார். யாருக்கு எது, எவ்வளவு, யாரை எத்தனையாவதோடு நிறுத்த வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஆள் நடந்து வருகிற நடையைப் பார்த்தே, இன்றைக்கு வீட்டில் சண்டை, இவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் அந்தப் படைப்பிரிவையே வடக்கே மாற்றினார்கள். மெஸ்ஸில் இருந்த சிவிலியன்களுக்கு நான்கு மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். அந்தச் சமயம் பேகம்பேட்டில், விமான நிலையத்தை ஒட்டி இருந்த ஒரு ஹோட்டலுக்கு பார்மேன் தேவை என்று விளம்பரம் வந்தது. நம்பிக்கையோடு போனார். மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே கேட்டாராம்: "பிங்க் ஜின் எப்படிப் பண்ணுவே?"

இவருக்குத் தெரியவில்லை. அடுத்து அவர் கேட்ட நான்கு பெயர்களும் தெரியவில்லை. "ஜின்ல நாலு சொட்டு சிவப்பு பிட்டர்ஸ் விட்டா ஆச்சு, இதுகூடவா தெரியாது?" என்று மேனேஜரே சலித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் விளங்கியிருக்கிறது.

"அட, அது நம்ம பல்லுவலி மேஜர்லா!" என்று வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். கன்னத்தைத் தடவிக்கொண்டே குடிக்கிற ஒரு மேஜருக்கு இவராக வைத்த பெயர் அது. அந்த பிங்க் ஜின்னை ஆயிரம் தடவையாவது ஊற்றியிருப்பார். அதற்கு உலகம் வைத்திருக்கிற பெயரை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பானத்தையும் அதைக் குடிக்கிற ஆளின் பெயரில்தான் மனதில் வைத்திருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மேனேஜர் இரண்டு வழி சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டரிங் பள்ளியில் பார் வேலைக்கு ஆறு மாதப் படிப்பு உண்டு, அதை முடித்துவிட்டு அடுத்த வருடம் வரலாம். இல்லையென்றால் ஒரு வாரம் ஹோட்டலிலேயே வேலை பார்த்துக் காட்டலாம், ஆனால் போட்டிக்கு இன்னொருவரும் இருப்பார். நான் பள்ளிக்கூட டீச்சர். முத்திரை குத்திய தாள் கையில் இருந்தால்தான் ஒருவருக்கு ஒன்று தெரியும் என்று அர்த்தம், எனக்கு அப்படியே பழகிவிட்டது. மறுநாளே போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பதினோரு வருஷமா செஞ்ச வேலைய இனிமே போய்ப் படிக்கணுமாக்கும்?" என்றார்.

"ஒண்ணுக்கும் பேர் சொல்லத் தெரியல. அதுக்குப் பேரு வேலை தெரியிறதா?" என்றேன்.

தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்து கை கழுவப் போய்விட்டார். "கைக்கு மம்மி? பாவம் டாடி!" என்று, ஏன் இப்படிப் பேசுகிறாய் என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்டு, என் மூத்த மகள் என்னையே அதட்டினாள். அவர் மெஸ்ஸில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போனார். போகட்டும், பட்டால்தான் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது இல்லாமல் பாட்டில்களின் லேபிளைப் படிக்க அவரால் முடியாது. சாயங்காலம் ஐந்து மணி பஸ் பிடித்துப் போனேன். "அந்தர் நக்கோ அம்மா", உள்ளே வேண்டாம் என்று காவலாளி தடுத்ததால் பார் வாசலிலேயே நின்றேன்.

போட்டிக்கு வந்திருந்தவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், கேட்டரிங் பள்ளியில் படித்தவர். பெயர்களை அப்படிச் சரளமாகச் சொன்னார், எலுமிச்சைத் தோலைச் சுருள் சுருளாக வெட்டினார். நானாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். இவர் வாசல் பக்கத்து மூலையில் ஒரு ஆளுக்கு முன்னால் நின்றிருந்தார். அந்த ஆள் காலடியில் ஒரு பயணப்பை. கிளாஸை முன்னால் தள்ளி இன்னொன்று கேட்டார். இவர் "நக்கோ சாப்" என்று சொல்லி, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸும் ஒரு தட்டில் ஆம்லெட்டும் வைத்தார். அந்த ஆள் மேஜையை ஓங்கி அடித்துக் கத்தினார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"கஸ்டமர் கேட்டா ஊத்த வேண்டியதுதானே, உனக்கென்ன?" என்றார் மேனேஜர்.

இவர் மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. "சட்டைப்பைல தந்தி வெச்சிருக்காரு சார். வந்ததுலேர்ந்து நாலு தடவ எடுத்துப் படிச்சாச்சு. நல்ல சேதிய யாரும் அப்படிப் படிக்க மாட்டாங்க. இப்ப பிளேன் ஏறணும். அங்க வீட்டுல எல்லாரும் இவர எதிர்பார்த்து நிப்பாங்க சார். தள்ளாடாம போய் எறங்கட்டும்."

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தந்தி என்று இவர் காட்டிய இடத்தில் அவர் கை தானாகப் போயிற்று. அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதை அறை பார்க்கக் கூடாது என்று, இவர் இரண்டடி நகர்ந்து குறுக்கே நின்றுகொண்டார். கிளாஸ் துடைப்பதுபோல் பாவனை வேறு. நான் கண்ணாடியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். இப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்திக்கொண்டு, இவரைப் பற்றிச் சபையில் வாய் திறக்காமல் இருந்தேனே என்று வழியெல்லாம் அழுகை வந்தது.

திங்கட்கிழமை முடிவு சொன்னார்கள். வேலை கோட்டுக்காரருக்கு. "நீ நல்லவன்தான், ஆனா ஊத்த மாட்டேங்கிற பார்மேனை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றாராம் மேனேஜர். பிற்பாடு ஒரு கிளப்பில் வேலை கிடைத்து இருபது வருடம் அங்கேயே இருந்தார். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி. அந்தப் படிப்பப் படிச்சிருக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து, நீ சொன்னதுதான் சரி என்று இவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஏங்கியவள் நான். கேட்டபோது தாங்க முடியவில்லை.

"இல்ல. நான் சொன்னது தப்பு" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

"சனிக்கிழம கண்ணாடி கொண்டு வந்தேன்லா, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எத?"

"நீங்க நகந்து குறுக்க நின்னீங்கள்லா, அத."