ராய்ஸ் சோதிக்காத கேட்

பண்டபெர்க் நகரத்தில் வீடு விற்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் ராய்ஸ் பென்டரைக் கண்டாலே முகம் சுண்டிவிடும். நீச்சல் குளமுள்ள வீடென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருபவர்களில் அவர்தான் கறார். குளத்து வேலியோரம் ஒரு பூந்தொட்டி இருந்தாலும், "பிள்ளை இதுல ஏறித் தாண்டிரும், எடுங்க" என்பார்.

"உன் சவப்பெட்டியையும் நீயே அளந்து பாத்துட்டுத்தான்யா படுப்ப" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

அங்கே ஜனவரிதான் கோடை. அந்த ஜனவரியில் ஒரே நாளில் ஆறு வீடுகள். கடைசி வீட்டுக்குப் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. குளத்து வேலியின் கேட்டை அகலத் திறந்து விட்டார். அது தானே ஓடிவந்து பூட்டிக்கொண்டது. ஒரு விரற்கடை மட்டும் திறந்துவிட்டும் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. போன தடவையும் நன்றாக இருந்த கேட்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் காருக்குள் புகுந்துகொண்டார்.

மூன்று வாரம் கழித்து, அந்த வீட்டுக்குக் குடிவந்திருந்த கார்லி கூப்பிட்டாள். துணி உலர்த்தப் போனவள், இரண்டு வயது மகள் மில்லி குளத்துப் படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராய்ஸ் போனபோது அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

"உங்களைக் குறை சொல்லக் கூப்பிடலைங்க. நான்தான் சரியா சாத்தல போல. எப்படிச் சாத்தணும்னு காட்டுங்க."

"அவரு சர்டிபிகேட் குடுத்த கேட்டு அது" என்று அவளிடம் சீறினான் அவள் கணவன் ட்ரென்ட். "போன் கையில இருந்தா உனக்கு உலகமே தெரியாதே!"

ராய்ஸ் கேட்டை ஒரு விரற்கடை திறந்து விட்டார். அது பூட்டில் சாய்ந்து, மூடியதுபோலவே நின்றது. ஒரு விரலால் தள்ளினார், திறந்துகொண்டது.

"இப்போதான் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்போல" என்றார்.

"அதுகூடவா உன் கண்ணுல படல? தினமும் இதைத் திறந்து மூடுறவ நீதானே!" என்று ட்ரென்ட் மறுபடி அவள்மேல் பாய்ந்தான். அவள் தலை நிமிரவில்லை.

ராய்ஸ் ஸ்பிரிங்கை இறுக்கினார், பத்துத் தடவை சோதித்தார், கார் வரை போய்விட்டார். சாவியைப் போடக் கை வரவில்லை. திரும்பி வந்தார்.

"ட்ரென்ட், உன் பொண்டாட்டி மேல தப்பில்ல. நான் அன்னைக்கு இதைச் சோதிக்கவே இல்ல. ஸ்பிரிங் இப்போதான் தளர்ந்துச்சுன்னு சொன்னேனே, அதுவும் பொய்."

"வெளிய போயா" என்றான் ட்ரென்ட். கார்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ராய்ஸ் தானே அதிகாரிகளுக்கு எழுதினார். ஆறு மாதம் உரிமத்தை நிறுத்தினார்கள். அன்றைய மற்ற ஐந்து வீடுகளுக்கும் போய், காரணத்தைச் சொல்லி, கேட்டை மறுபடி பார்க்கட்டுமா என்று கேட்டார். நான்கு வீட்டார் உள்ளே விட்டார்கள். ஒருத்தி கதவைத் திறக்காமலே, "நீங்க பாத்ததே போதும், வேற ஆளை வரச் சொல்லியாச்சு" என்றாள்.

பிறகொரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் கார்லி எதிரே வந்தாள். வண்டியில் மில்லி உட்கார்ந்திருந்தாள். ராய்ஸைப் பார்த்ததும் கார்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவர் கூடையை அங்கேயே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே நடந்தார்.