இருபத்தாறாம் வருஷத்துச் சீனியர்

என்மேல்தான் எனக்குக் கோபம். வேறு யாரை ஏச?

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு தரைத்தள குவார்ட்டர்ஸ் காலியானது. கேட்டவர்களின் சீனியாரிட்டி பட்டியலைப் போடுவது எங்கள் ஆபீஸ் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதில் இரண்டே இலக்கம். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று எல்லோரும் அலறியபோது அதன் புரோகிராமில் நான் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: இருபத்தைந்து வரை புது நூற்றாண்டு, அதற்குமேல் பழைய நூற்றாண்டு. "அதுவரைக்கும் இந்த மெஷின் எங்க இருக்கப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனேன். மெஷின் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

இந்த வருஷம் சேர்ந்த ஒரு இன்ஜினியருக்கு 26 என்று பதிவானது. மெஷின் அவரை 1926-இல் வேலைக்குச் சேர்த்துவிட்டது. சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே சீனியர்! வீடு அவருக்கு.

இரண்டாவது பெயர் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அதே பிளாக்கில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கணவருக்குப் பக்கவாதம். பட்டியல் ஒட்டிய வாரம் முழுக்க அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வந்து பார்த்தபோது ஆட்சேபம் சொல்லும் நாள் முடிந்திருந்தது.

"நான் தொண்ணூத்தொண்ணுல சேந்தவ சார். எனக்கு முன்னாடி இவரு எப்படிங்க? மீசையே இன்னும் சரியா மொளைக்கல."

பதிவைத் திறந்து பார்த்தேன். என் பழைய வரிதான். அலாட்மெண்ட் அதிகாரியிடம் ஓடினேன்.

"பட்டியல்ல யாரும் பேனா வைக்கக்கூடாதுன்னு சண்ட போட்டது யாரு? நீங்கதானே? அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கலாம்" என்றார்.

நான்தான். சிபாரிசுக்காரர் பெயரை நடுவில் எழுதிச் சேர்த்த காலத்தில், யூனியனையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கிய விதி. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். திரும்பி வந்து அந்த வரியில் இருபத்தைந்தை அறுபதாக்கினேன். இரண்டு நிமிஷ வேலை. இருபத்தைந்து வருஷமாக அந்த இரண்டு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை, த்தூ!

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "வர்ற புதன்கிழம எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு எறக்கணுங்க. நாற்காலியோட நாலு பேரு தூக்கணும். ஒருத்தரு ஷிஃப்டுக்குப் போறாரு. நீங்க வரீங்களா சார்?"

போனேன். நாற்காலியின் முன்கால் ஒன்று என் கையில். ஒவ்வொரு படிக்கும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"சாருக்குக் கை வலிக்குது, எறக்கி வையுங்கப்பா" என்றார் குழறலாக.

கீழே வந்துதான் இறக்கினோம், அந்தத் தரைத்தள வீட்டு வாசலில். கதவில் பூட்டு. இன்ஜினியர் கல்யாணமாகாதவர், பண்ருட்டியில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு பஸ்ஸில் வந்துபோகிறார்.

சாயங்காலம் மறுபடி மேலே தூக்க வேண்டும்.