வரேன்னு சொல்லிவிட்டுப் போனவள்

வாஷிங் மெஷின் எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாள் அவள். கணவர் கடையைப் பார்த்துக்கொள்ள, பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்வது அவள்தான். வாய் ஓயாது. தமிழ் தெரியாதவர்களிடமும் ஓயாது. அரைகுறை இங்கிலீஷை அள்ளித் தெளித்துவிட்டு வருவாள்.

அன்று, மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்த வெளிநாட்டம்மா வீட்டில் மெஷின் குதியோ குதியென்று குதித்தது. அடியில் ஒரு கால் உயரம் குறைவு. திருகிச் சரிசெய்தாள். அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். கிளம்பும்போது இவளும் வாய் நிறைய, "ஐ ஆம் கமிங், மேடம்!" என்றாள். "ஓ, லவ்லி!" என்றார் அவர்.

சாயங்காலம் கடைக்கு போன் வந்தது. இவளை எங்கே காணோம் என்று அந்தம்மா இங்கிலீஷில் கேட்டார். இவள் உள்ளே கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இதோ போனுக்கு வருகிறாள் என்ற நினைப்பில், "ஷி இஸ் கமிங்," என்றார் கணவர். பட்டென்று போன் வைக்கப்பட்டது.

கொஞ்ச நேரத்தில், தூறலில் பூப்போட்ட குடையும் கேக் டப்பாவுமாக அந்தம்மாவே வாசலில் நின்றார். வருவாள் வருவாள் என்று டீ போட்டு, அது ஆறி, மறுபடி போட்டு, வழியில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறி ஓடி வந்தாராம்.

"கிளம்புறப்போ என்ன சொன்னே?" என்றார் கணவர்.

"வரேன்னு சொன்னேன்."

"அதான் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க! இங்கிலீஷ்ல போறேன்னுதான் சொல்லணும்."

"அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு போறேன்னா சொல்வாங்க? வாய் வருமா எனக்கு?"

கணவர் விஷயத்தை விளக்கியதும் அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஒரு பழைய மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனர் தட்டைத் துடைத்து, அதிலேயே கேக்கை வெட்டினார்கள்.

அவர் புறப்படுகையில் மழை வலுத்தது. இவள் கடையின் பெரிய கறுப்புக் குடையை நீட்டி, "பிரிங், மேடம், பிரிங்!" என்றாள். கொண்டுபோங்கள் என்றுதான் சொல்ல நினைத்தாள். அவரோ, கொண்டா என்கிறாளாக்கும் என்று தன் குடையை இவள் கையில் கொடுத்துவிட்டார். இவள் கறுப்பை அவர் கையில் திணித்தாள். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கறுப்புக் குடை தெருமுனை வரைக்கும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே போனது. இவள் கடைக்குள்ளேயே பூப்போட்ட குடையை விரித்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நல்லாருக்கா?"

"மழை வெளியிலதாம்மா பெய்யுது," என்றார் கணவர்.